பட்டா இல்லாத தெருக்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் நிலமே இல்லாத ஒரு குடியிருப்பு இருக்கிறது. வீடுகள் இருக்கின்றன. வாசலில் பூந்தொட்டி, சாமி மாடம், காயப்போட்ட துணி, சாய்த்து நிறுத்திய மோட்டார்சைக்கிள், படுத்துக் கிடக்கும் நாய் எல்லாம் இருக்கின்றன. பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால்தான் கீழே மண் இல்லை, கடல் என்று தெரியும். தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் கிழக்குக் கரையில், பெங்காலான் வெல்ட் சாலையை ஒட்டி, கடலுக்குள் நீண்டு போகும் மரப்பலகைத் தெருக்கள் இவை. ஒவ்வொரு தெருவும் ஒரு சீனக் குலத்துக்கு. லிம், சியூ, தான், லீ, இயோ. பல குலத்தார் கலந்து வாழ்வதற்கென்று தனியாக ஒன்று.

உள்ளூரில் இவற்றை ஜெட்டி என்றுதான் சொல்வோம். தமிழ்நாட்டு வாசகர்கள் சிரித்துவிட்டு மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள் என்பதால் கட்டுரை முழுக்கத் துறை என்றே எழுதிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது அக்கரையில், பட்டர்வொர்த்தில். சின்ன வயதில் தீவுக்குப் போவதென்றால் ஃபெரிதான். கார், மோட்டார்சைக்கிள், சைக்கிள், கோழிக்கூடை, ஆட்கள் எல்லாம் ஒரே கப்பலில். கரை நெருங்கும்போது இடப்பக்கம் இந்த வீடுகளின் பின்புறம் தெரியும். முன்புறம் எல்லோருக்கும் காட்டுவதற்கு. குசினியும் குளியலறையும் துருப்பிடித்த தகரமும் கடல் பக்கம். அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் 2020 கடைசி நாளோடு நின்றுபோயின. பிறகு சில காலம் ஆட்களை மட்டும் ஏற்றும் வேகப் படகு ஓடியது. குளிர்சாதனம் இருந்தது, கடற்காற்று இல்லை. 2023-இலிருந்து ஓடும் புது ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார்சைக்கிளும் போகலாம், கார் போகாது. ஆனாலும் துறைகளை முதலில் கடலிலிருந்து பார்த்துவிட்டுப் பிறகு தரைவழியாக உள்ளே போவதுதான் முறை என்பேன். எதற்காகக் கட்டினார்களோ அந்தத் திசை கடல்தான்.

சுற்றுலாப் பயணிகள் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். ஆர்மீனியன் தெருவில் 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் ஓவியத்தின் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் சியூ துறைக்கு வருவார்கள். துறைகளிலேயே பெரியது அது, சுமார் 75 வீடுகள். வாசலில் குலக்கோயில், தாண்டியதும் பலகைத் தெரு. முதல் இருபது வீடுகளில் பாதி கடைகளாகிவிட்டன. காந்தம், சாவிக்கொத்து, சட்டை, டூரியான் ஐஸ்கிரீம், ஜாதிக்காய்ச் சாறு. பொருளில் புதுமை ஒன்றுமில்லை, கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவிலும் இதே காந்தம் கிடைக்கும். விற்கிறவர் அந்த வீட்டுக்காரர் என்பது மட்டும் வித்தியாசம். பின்னால் கூடத்தில் அவருடைய பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், தாத்தா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைகளைத் தாண்டினால் தெரு அமைதியாகிவிடும். நடக்கும்போது பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடும். ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வானத்துக் கடவுளுக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு மாடம், ஊதுபத்தி செருகிய தகரக் குவளை. கதவுக்கு மேல் குலத்தின் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. சியூ குலத்தார் சீனாவின் ஃபுஜியான் மாநிலத்துத் தோங்ஆன் பகுதியிலிருந்து வந்தவர்கள். மற்ற துறைக்காரர்களில் பலரும் அதே வட்டாரம்தான், அக்கம்பக்கத்துக் கிராமங்கள். ஆக, இங்கே வந்து கடலில் கம்பு ஊன்றியபோது ஊரையும் அப்படியே கொண்டுவந்து ஊன்றிவிட்டார்கள்.

கம்பு என்றேனே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தண்ணீர் வற்றிய ஒரு மத்தியானம் நான் போயிருந்தேன். வீடுகளுக்குக் கீழே கரும்பச்சைச் சேறு, அதில் தத்தித் தத்தி ஓடும் சின்னஞ்சிறு சேற்று மீன்கள், சிக்கிக்கொண்ட பிளாஸ்டிக் போத்தல்கள், நாற்றம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் முழங்கால் வரை சேற்றில் நின்று தன் வீட்டின் கால் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார். முன்காலத்தில் வீட்டுக் கால்கள் பாக்காவ் என்கிற கண்டல் மரமும் நிபோங் என்கிற பனை வகையும். உப்புத் தண்ணீரில் நெடுநாள் தாங்கும், ஆனால் தண்ணீர் ஏறி இறங்கும் அந்த உயரத்தில் சிப்பியும் புழுவும் அரித்து இடுப்பு மெலிந்துபோகும். இப்போது மெலிந்த காலைச் சுற்றி நீல நிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, நடுவில் இரும்புக் கம்பி விட்டு, மேலிருந்து சிமெண்டுக் கலவையை வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். குழாயைக் கழற்றுவதில்லை. அதனால் பாதி வீடுகள் மரக் காலிலும் பாதி வீடுகள் நீலக் காலிலும் நிற்கின்றன.

"எத்தனை கால் அங்கிள் இந்த வீட்டுக்கு?" என்று மலாயில் கேட்டேன்.

"எண்ணினதில்லை தம்பி. எது ஆடுதோ அதை மாத்துவேன்" என்றார்.

அவசரம் என்றால் ஆள் வைத்துச் செய்வார்களாம். இல்லையென்றால் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, அவரே இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. நாள்காட்டியில் அன்றன்றைய நீர்மட்ட நேரத்தைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். பாரம்பரியப் பாதுகாப்பு என்பதன் அன்றாட வேலை இதுதான். விருதுப் பலகைகளில் அது வருவதில்லை.

இந்தத் தெருக்கள் ஏன் உருவாயின என்பதற்குத் துறைமுகம் எப்படி இயங்கியது என்று தெரிந்திருக்கவேண்டும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கால்வாய் ஆழமானது, கரையோரம் சேறு. பெரிய கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நங்கூரம் போடும். சரக்கை இறக்கத் தொங்காங் என்கிற அகன்ற சரக்குப் படகுகளும், ஆட்களை இறக்க சம்பான் என்கிற சிறு படகுகளும் வேண்டும். கடற்கரைத் தெருவிலிருந்த பெரிய வணிக நிறுவனங்களின் கிட்டங்கிகளுக்குக் கடல் பக்கம் பின்வாசல் இருந்தது. 1880-களில் கடலைத் தூர்த்து அந்தப் பின்வாசலுக்கும் அப்பால் புதிய கரையொன்றைக் கட்டி, அப்போதைய ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். புதிய கரை வந்ததும் அதன் ஓரத்தில் படகு கட்டவும் சரக்கு இறக்கவும் பலகைத் துறைகள் முளைத்தன. முதலில் வெறும் பலகைப் பாலமும் ஒரு கொட்டகையும்தான். தனி ஆண்கள், கட்டை பிரம்மச்சாரிகள், ஒரே கொட்டகையில் படுத்து எழுந்து வேலைக்குப் போவார்கள். சம்பாதித்துச் சீனாவில் உள்ள குடும்பத்துக்கு அனுப்புவார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தன, கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வீடு, அப்படியே பாலம் நீண்டுகொண்டே போனது.

ஒரு துறை என்பது ஒரு வேலைச் சங்கமும்தான். எந்தக் கப்பலில் யார் சரக்கு இறக்குவது என்பதில் துறைகளுக்குள் போட்டி இருந்தது. புதிதாக வந்த ஆளுக்குக் குலப்பெயர் இருந்தால் போதும். படுக்க இடம், சாப்பாடு, மறுநாள் காலை வேலை. குலப்பெயர் இல்லாதவன் கலப்புத் துறைக்குப் போகலாம். கேனன் சதுக்கத்தில் கூ குலத்தார் 1906-இல் கட்டி முடித்த மாளிகை போன்ற குலக்கோயிலைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் உறைக்கும். அங்கே கல்லில் சிற்பம், கூரையில் டிராகன், குலத்துக்கே சொந்தமாக வரிசை வரிசையாக வீடுகள். இங்கேயும் குலம்தான், ஆனால் இது மூட்டை தூக்கியவர்களின் குலம்.

மூட்டை தூக்கியதில் நம்மவர்களும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தோட்டங்களுக்குப் போனார்கள் என்பது தெரிந்த கதை. இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கூட்டங்களில் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்தார்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். குவீன் தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு கடைவீட்டின் மாடியறையில் ஊர்க்காரர்களோடு தங்கியிருந்தார். பகல் வேலைக்காரன் எழுந்து போனதும் அதே பாயில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். கீழே இறங்கினால் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் முடிதிருத்துபவர், பக்கத்தில் வெற்றிலைக் கடை, நாலெட்டில் மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில் அது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோயில் அங்கே இருப்பதற்குக் காரணம் ரொம்ப எளிது: துறைமுகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்தார்கள், அவர்களுக்கு அம்மன் வேண்டியிருந்தாள்.

அந்தக் கூலிக்காரர்களின் பசியிலிருந்து வந்ததுதான் இன்று உலகமெங்கும் பெயர் போன நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல ஒரு கம்பைப் போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் கொண்டுபோய் விற்றார்கள். கம்பின் பெயரே சோற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. மீன் முட்டைத் துண்டு, வெண்டைக்காய், நாலு குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்று என்பதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்று சொன்னால் போதும். இப்போது அதற்கு வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் நம்மைப்போல அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அவ்வளவு சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மூட்டை தூக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லதில்லை, அது வேறு விஷயம்.

நான் இந்தத் துறைகளில் நடக்கும்போதெல்லாம் மனசில் ஓடுவது ஒரு கேள்விதான். சீனக் கூலிகளின் தெரு அப்படியே இருக்கிறது, தமிழ்க் கூலிகளின் தெரு எங்கே போனது? இனத்தை வைத்து இதற்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சீனக் கூலிகளிலேயே கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் ஒருவர்கூட இப்போது அங்கே இல்லையென்று சொல்லிவிடலாம். பதில் வாடகையில் இருக்கிறது.

மலேசியாவில் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்றமுடியாது. நாட்டிலேயே இந்தச் சட்டத்தின் கீழ் அதிகக் கட்டடங்கள் இருந்தது பினாங்கில். வாடகை அற்பமாக இருந்ததால் உரிமையாளர்கள் ஓடு மாற்றவில்லை, சுவர் பூசவில்லை. நகரம் அழுக்காக, ஒழுகலாக, ஆனால் ஆள் நிறைந்து இருந்தது. பிரம்பு முடைபவர், சவப்பெட்டி செய்பவர், ஊதுபத்தி உருட்டுபவர், மூட்டை தூக்குபவர், மீ கோரெங் விற்பவர் எல்லோரும் நகரின் நட்டநடுவில் வாழ முடிந்தது. 1997-இல் சட்டத்தை நீக்க முடிவெடுத்து, 1999 முடியும்வரை தவணை கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கானது. கட்டமுடியாதவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், அக்கரையில் பட்டர்வொர்த் அடுக்குமாடிகள் என்று சிதறினார்கள்.

ஆள் போன கடைவீடுகள் சிலவற்றில் குடிவந்தது உழவாரக் குருவி. ஜன்னலை அடைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை நாள் முழுக்க ஓடவிட்டு, உள்ளே கூடுகட்ட வைப்பார்கள். கூட்டுக்குச் சூப்புக் கடைகளில் நல்ல விலை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் குவீன் தெருவை அடுத்த சந்துகளில் நடந்தால் மனிதச் சத்தத்தைவிட அந்தப் பதிவுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். பாரம்பரிய வட்டாரத்தில் குருவி வளர்ப்பைத் தடைசெய்து, 2013 வாக்கில்தான் ஒருவழியாக அவற்றை வெளியேற்றினார்கள். அதற்குள் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்துவிட்டது. மையப் பகுதி மட்டும் 109 ஹெக்டேர். குருவி போன வீட்டில் பூட்டிக் ஹோட்டல் வந்தது. ஓடு மாற்றினார்கள், சுவரைச் சுண்ணாம்பில் பூசினார்கள், பழைய சீன எழுத்துப் பலகையைத் துடைத்து அங்கேயே மாட்டினார்கள். வேலை நேர்த்தி, குறை சொல்ல முடியாது. பெரியப்பா பாய் விரித்த அறையில் இப்போது ஒரு இரவு தங்க என்ன விலை என்று இணையத்தில் பார்த்தேன். அவருடைய ஒரு மாதக் கூலியோடு ஒப்பிடப் போய்ப் பாதியில் விட்டுவிட்டேன்.

சரி, துறைகள் ஏன் தப்பித்தன? விற்க முடியாததால். துறை வீட்டுக்காரர்களிடம் நிலப்பட்டா கிடையாது, நிலமே கிடையாதே. அரசாங்கம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அந்த உரிமத்தைச் சட்டப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது. அதை வைத்து வங்கியில் கடன் வாங்க முடியாது. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற முதலீட்டாளர் ஒரே நாளில் பத்து வீட்டை வளைத்துப்போட முடியாது. உறுதியான சுவரும் ஓடும் கொண்ட கடைவீட்டுக்காரன் நகரத்தை விட்டுப் போனான். ஆண்டுக்கு ஒருமுறை தயவை எதிர்பார்த்துக் கடலில் நின்றவன் அங்கேயே இருக்கிறான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

இது ஏதோ நல்ல ஏற்பாடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். அதே உரிமம்தான் வெட்டரிவாளும். 2006-இல் கோய் துறையையும் பெங் ஆன் துறையையும் வீடமைப்புத் திட்டத்துக்காக இடித்தார்கள். யுனெஸ்கோ அறிவிப்புக்கு இரண்டே ஆண்டுகள் முன்னால். கோய் குலத்தாரின் கதை தனி. சுவான்ஜோவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஹுய் என்கிற சீன முஸ்லிம் வம்சாவளியினர் அவர்கள். பல தலைமுறைகளில் மார்க்கம் நழுவிப்போய் மற்ற சீனர்களைப் போலவே பத்தி கொளுத்தி வாழ்ந்தார்கள், ஆனாலும் இறந்துபோன முன்னோருக்குப் படைக்கும்போது பன்றி இறைச்சி வைக்கமாட்டார்கள். முஸ்லிம் முன்னோரின் நினைவு படையலில் மட்டும் தங்கியிருந்த ஒரு தெரு. இன்று அந்தப் பக்கம் போனால் அடுக்குமாடிகளும் விரைவுச்சாலையும்தான்.

துறைமுக வேலையும் அதற்கு ரொம்ப முன்பே போய்விட்டது. 1969-இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. எழுபதுகளில் ஆழ்நீர்த் துறையும் பிறகு கொள்கலன் முனையமும் அக்கரைக்குப் போயின. ஒரு பாரந்தூக்கி நூறு தோள்களின் வேலையைச் செய்துவிடும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் திறந்தபோது துறைப் பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பெரியப்பா பட்டர்வொர்த்துக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான், வேலை போன பக்கமே ஆளும் போனார். துறைகளில் இன்று படகு ஓட்டுகிறவர்கள் குறைவு. சிலர் மீன்பிடிக்கிறார்கள், சிலர் நடுக்கடலில் நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

சேற்றில் நின்றவரின் மகன் தொழிற்சாலைப் பொறியாளர். பாயான் பாருவில் வீடு வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார். "இங்க கார் நிறுத்த இடமில்ல, மருமகளுக்குக் கழிவறை பிடிக்கல" என்றார் பெரியவர், மருமகள் மேல் வருத்தமில்லாமல். அவருடைய எரிச்சல் வேறு. காலையில் கதவைத் திறந்து வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால், யாரோ ஒருவர் வாசலில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார். படம் எடுக்காதீர் என்று பல மொழியில் எழுதி ஒட்டியும் பயனில்லை. ஒருநாள் ஒரு பெண் உள்ளேயே வந்து, சாமிக்கு முன்னால் நின்று, இது அருங்காட்சியகமா என்று கேட்டாளாம். "டிக்கெட் எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன்" என்றார்.

கடை போட்டிருப்பவர்களிடம் கேட்டால் வேறு நியாயம். கூட்டம் வந்ததால்தான் வீட்டைப் பழுதுபார்க்கக் காசு வந்தது, கூட்டம் வந்ததால்தான் இடிக்கிற பேச்சு நின்றது. இரண்டும் உண்மைதான். என் கருத்து, கடைவரிசை இப்போது இருக்கிற இடத்தோடு நிற்கவேண்டும். அதற்கு மேல் உள்ளே போனால் சியூ துறையும் ஆர்மீனியன் தெருவாகிவிடும், மேலே ஓடும் கீழே தண்ணீரும் மட்டும் மிஞ்சும்.

சியூ துறையைச் சியூ துறையாகப் பார்க்கச் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு போகவேண்டும். ஒன்பதாம் நாள் வானத்துக் கடவுளின் பிறந்தநாள். ஃபுஜியானிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்களுக்குப் புத்தாண்டைவிட இது பெரிது. எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிய அவர்களுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர்பிழைத்து, ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்கள் என்பது ஐதீகம். அதனால் வீட்டுக்கு வீடு வேரோடும் தோகையோடும் ஜோடிக் கரும்பு. நமக்குப் பொங்கல் கரும்பு தீர்ந்து சில வாரங்களில் பினாங்குச் சந்தைகளில் மறுபடி கரும்புக் கட்டு வந்து குவிவது இதற்குத்தான். துறை வாசலில் நீள நீளமாக மேசை போட்டு, முழுப் பன்றி வறுவல், அன்னாசி, ஆமை வடிவில் சிவப்புப் பலகாரம், ரோஜா நிற ரொட்டி என்று அடுக்குவார்கள். நடுராத்திரி வாணவேடிக்கை. பாயான் பாரு மகன்கள், கோலாலம்பூர் மகள்கள், சிங்கப்பூர்ப் பேரன்கள் எல்லோரும் அன்று வந்துவிடுவார்கள். பலகைத் தெரு தாங்குமா என்று நமக்கே பயம் வரும். கடைசியில் காகிதப் பணத்தையும் கரும்பையும் சேர்த்துக் கொளுத்தும்போது அந்தச் சூட்டில் பத்தடிக்குள் நிற்க முடியாது. இனிப்புப் புகை வாசம் மறுநாள் வரை சட்டையில் இருக்கும்.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள் 'தான்' குலத்தாரின் துறைக்குப் போகலாம். வீடுகள் குறைவு, பாலம் நீளம், முனையில் சிறிய சிவப்புக் கோயில். காலை ஏழு மணிக்கு அங்கே நீங்களும் ஒன்றிரண்டு தூண்டில்காரர்களும்தான். லிம் துறையில் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள், தலையை அசைத்து வணக்கம் சொன்னால் பதிலுக்கு அசைப்பார்கள். அவ்வளவு போதும், உள்ளே எட்டிப்பார்க்காதீர்கள்.

நகர மதில்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களை மாநில அரசு மாட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவின் பழைய தொழில் பற்றி ஒரு வரி. நல்ல யோசனைதான். ஆனால் குவீன் தெரு மாடியறைகளில் பாய் மாற்றிப் படுத்தவர்களைப் பற்றிக் கம்பிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தேடினால், கோயிலும் சோற்றுக்கடையும்தான் கைக்குக் கிடைக்கின்றன. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரோடு ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்கியவர்கள் சிலர் பட்டர்வொர்த் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டிவிட்டார்கள். சாயங்காலம் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் கொக்கி, தண்டல், எந்தக் கப்பலில் எந்தக் கங்காணி என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஒலிப்பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர், முதலில் கோப்பி வாங்கிக்கொடு, பிறகு பார்க்கலாம் என்றார். கோப்பி வாங்கிக்கொடுத்தாயிற்று, அவர்கள் சொன்னதைத் தனியாக எழுதுகிறேன்.